கோயிலுக்கு இரண்டாவது மாடு

எங்கள் ஹார்ன்மூர் ஊர்க் கோயில் மணி அடித்தபோது நாங்கள் எல்லாரும் பெருந்தாழ்வு என்கிற பள்ளப் புல்வெளியில் புல் அறுத்துக்கொண்டிருந்தோம். எல்லாரும் என்று சொன்னாலும் போன கோடையில் அதே தாழ்வில் வரிசை கட்டி நின்றவர்களில் பாதிப் பேர்தான். முன்பெல்லாம் நீள அரிவாள் பிடிப்பது ஆண்கள். பெண்கள் பின்னால் வாரிக்கொண்டு வருவார்கள். அந்த வருஷம் பெண்களே அரிவாளைப் பிடித்தோம். வாருவதற்கு ஆளில்லை. வெட்டிய புல் அங்கங்கே கிடந்து, மேலே காய்ந்து, அடியில் புழுங்கி நாறியது.

மணிச் சத்தம் கேட்டதும் அரிவாள்கள் நின்றன. ஏனென்றால் மணி அடிக்கிற தர்ஸ்டன் எங்களோடுதான் நின்றுகொண்டிருந்தான். கோயில்பிள்ளை அவன். குழி தோண்டுவதும் அவன்தான்.

"வே, நீரு இங்க நிக்கீரு. அங்க யாரு அடிக்கா?" என்று குன்னில்டா கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும் மதினி. நான் புதைச்ச ஆளு யாரும் எந்திச்சு வந்திருக்க முடியாது. ஆழமாத்தான் தோண்டுனேன்."

"கடைசி மாசம் முழங்காலளவுதான தோண்டுனீரு."

"கடைசி மாசம் அதுக்கு மேல தோண்ட எவனுக்குத் தெம்பு இருந்துச்சு."

குன்னில்டாவின் மகள் ஆமிஸ் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். அவளுக்குக் கூர்மையான கண். "கறுப்பு அங்கி போட்டிருக்கு. மண்டபத்துக் கதவுல நிக்கி. அம்மா, ஜெர்வேஸ் சாமி."

குன்னில்டா சாணைக்கல்லை இடுப்பிலிருந்து எடுத்து, அதன்மேல் துப்பி, அரிவாளைத் தீட்டத் தொடங்கினாள். தீட்டி முடித்த பிறகும் தீட்டிக்கொண்டே இருந்தாள்.

"எண்ணெய் வாங்கிட்டு வந்துட்டாரு போல," என்றான் தர்ஸ்டன். யாரோ சிரித்தார்கள். அது நல்ல சிரிப்பு இல்லை.

இந்த எண்ணெய்க் கதையைச் சொல்ல வேண்டும். போன குளிர்காலத் தொடக்கத்தில், பன்றி அடிக்கிற மாதத்தில், பிரிஸ்டல் பக்கமிருந்து உப்பு வண்டி வந்தது. வண்டிக்காரன் எங்கள் ஊர்ச் சாவடியில் ஒரு ராத்திரி படுத்தான், எழுந்திருக்கவில்லை. கக்கத்தில் முட்டை அளவுக்குக் கட்டி. அவனைத் தூக்கிப் போட்ட இரண்டு பேரும் அடுத்து விழுந்தார்கள். பிறகு அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். எங்கள் கோயில் சாமியார் ஜெர்வேஸ் சாமி அந்த வண்டிக்காரனுக்கு அவஸ்தை பூசினார், சாகிறவருக்குப் பரிசுத்த எண்ணெய் தடவுகிற சடங்கு அது, அதை மறுக்க முடியாது. வாசலில் நின்று, கையை நீட்டிப் பூசினார். அதற்கப்புறம் ஒரு நாள் காலைப் பூசையில், பரிசுத்த எண்ணெய் தீர்ந்துபோச்சு, பெரிய கோயிலுக்குப் போய் வாங்கி வருகிறேன் என்று சொல்லிக் கோவேறு கழுதையில் ஏறினார். பின்னால் இரண்டு படுக்கை மூட்டை கட்டியிருந்தது. எண்ணெய் வாங்கப் போகிறவருக்குப் படுக்கை எதற்கு என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அன்றிலிருந்து எங்கள் ஊரில் எவனாவது சொன்ன வேலையைச் செய்யாமல் நழுவினால், "எண்ணெய்க்குப் போயிட்டான்" என்பார்கள். ஆள் சாகிற காலத்திலும் வாய் சும்மா இருக்காது.

சாவு கூடியது. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்காமல், பாவசங்கீர்த்தனம் செய்யாமல் சாவது என்றால் எங்களுக்குக் கட்டியைவிடப் பயம். கட்டி மூன்று நாள் எரிக்கும். நரகம் எப்போதும் எரிக்கும். தர்ஸ்டன் சந்தை ஊருக்கு நடந்துபோய், ஒரு சாமியாரை அனுப்புங்கள் என்று கேட்டுப் பார்த்தான். அங்கேயும் சாமியார்கள் செத்துக் கிடந்தார்கள். சாமியார்களுக்கெல்லாம் மேலான மேற்றிராணியாரின் கட்டளை என்று கோயிலில் வாசித்ததைக் கேட்டுவிட்டு வந்து சொன்னான்: "சாமியார் கிடைக்கலன்னா சாகப்போறவங்க யார்கிட்ட வேணும்னாலும் பாவத்தச் சொல்லலாமாம். ஆம்பள இல்லன்னா பொம்பளையா இருந்தாலும் சரியாம்."

"உன்கிட்டச் சொல்லலாம்னு சொல்லலையே?" என்று யாரோ கேட்டார்கள்.

"என்னையப் பத்தி அவருக்குத் தெரியாதுல்லா. தெரிஞ்சிருந்தா 'தர்ஸ்டன் நீங்கலா'ன்னு எழுதியிருப்பாரு."

அவனே சொன்னான் அதை. தர்ஸ்டனிடம் சொன்னது இரண்டு குவளைக் கள்ளுக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். அதனால் மக்கள் குன்னில்டாவைத் தேடினார்கள். அவள் பார்லிக் கள் காய்ச்சி விற்கிறவள். குடித்துவிட்டு உளறுகிறவர்கள் எல்லாரும் வருஷக்கணக்காக அவள் முன்னால்தான் உளறியிருந்தார்கள். ஒரு சொல் அவளிடமிருந்து வெளியே போனதில்லை.

அவள் யாரிடமும் போய், நான் கேட்கிறேன் என்று சொல்லவில்லை. முதலில் கூப்பிட்டது பக்கத்து வீட்டுக் கிழவன். மறுநாள் இன்னொரு வீடு. அவள் முக்காலியைப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்லட்டும் என்று. சொல்லி முடித்ததும், "மன்னிக்க எனக்கு அதிகாரமில்ல. கேட்டேன், ஆண்டவரும் கேட்டாரு," என்பாள். அப்புறம் வீட்டுக்கு வந்து பானை வெந்நீரில் முழங்கை வரை கழுவுவாள். அவளுடைய மகன் ஆஸ்பெர்ட் விழுந்தபோது அவனும் அம்மாவிடம்தான் சொன்னான். பதினெட்டு வயதுப் பையன் அம்மாவிடம் என்னத்தைச் சொல்லியிருப்பான், எவ்வளவை விட்டிருப்பான், நமக்குத் தெரியாது. அவனைப் புதைத்துவிட்டு வந்த அன்று அவள் காய்ச்சிய கள் கருகிப்போனது. அவள் காய்ச்சியது கருகியதை நாங்கள் அன்றுதான் பார்த்தோம்.

அடுத்து அவள் புருஷன் ஹாமோ.

ஹாமோ விலாங்கு பிடிக்கிறவன். ஊர் நிலமெல்லாம் துறவிகள் மடத்துக்குச் சொந்தம். அதில் பாதி நேரம் உழவு, மீதி நேரம் தண்ணீரில். வில்லோ மரத்து விளாரில் அவன் பின்னிய கூட்டுக்குள் போன விலாங்கு திரும்பி வந்ததில்லை. பேச்சு குறைவு. அவன் படுத்ததும் குன்னில்டா முக்காலியை எடுத்துப் போட்டாள். மற்றதை ஆமிஸ் பிறகு எங்களிடம் சொன்னாள். வீட்டில் வேறு ஆளில்லை.

"சொல்லுங்க. நான் செவுத்தப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"உன்கிட்ட இல்ல, ஏளா."

"ஊரே என்கிட்டத்தான் சொல்லுச்சு."

"ஊரு உன்கூட இருபது வருசம் குடும்பம் நடத்தல. நான் சொல்லிட்டுப் போயிருவேன். நீ அதத் தூக்கிக்கிட்டு அலையணும்."

"நான் தூக்குவேன். என்ன, பொம்பளையா? களவா? யாரையாச்சும் தண்ணியில தள்ளிட்டீங்களா? எதுவானாலும் சொல்லுங்க."

"சாமி வரட்டும்."

"அவரு எண்ணெய்க்குப் போயிட்டாரு."

"அப்ப வேற சாமி."

"தர்ஸ்டனக் கூப்பிடட்டுமா?"

"அவன்கிட்டச் சொன்னா நாளைக்கே உனக்குத் தெரிஞ்சிரும்." அந்த நிலையிலும் ஹாமோ சிரித்தானாம். சிரித்ததில் கட்டி வலித்து, கண்ணீர் வந்ததாம்.

அவள் அவனைக் கம்பளியில் சுற்றித் தட்டைப் படகில் போட்டாள். மெழுகுதிரித் திருநாள் சமயம், குளிர்காலத்தின் நடு. தாழ்வு முழுக்கத் தண்ணீர், ஓரத்தில் மெல்லிய பனிக்கட்டி. ஆமிஸ் முன்னால் குந்தி, துடுப்பால் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டே வர, குன்னில்டா பின்னால் நின்று கழி ஊன்றித் தள்ளினாள். அடுத்த பங்குக் கோயில் ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. அங்கே சாமியார் வீட்டில் கதவு திறந்து கிடந்தது. ஒரு கிழவி மட்டும் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "அவரு போயாச்சு தாயி, போன வாரமே," என்றாள். போயாச்சு என்றால் ஓடிப்போய்விட்டாரா, செத்தாரா என்று குன்னில்டா கேட்டாள். செத்தார். ஊரில் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கிச் செத்தார்.

"அந்த ஊருக்கு வாய்ச்சிருக்கு பாரு," என்றாளாம் குன்னில்டா, படகைத் திருப்பும்போது.

அதற்கும் அப்பால் இன்னொரு பங்குக் கோயில். அங்கே போகிற வழியில் ஹாமோ இரண்டு தடவை கேட்டான், "வந்துட்டமா?" என்று. "இந்தா, தெரியுது," என்றாள் அவள். நாணலைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கடைசியாக, "யார்கிட்டதான் சொல்லுவேன்," என்றான். அவளிடம் கேட்கவில்லை அதை, வானத்தைப் பார்த்துக் கேட்டான். அப்புறம் ஆமிஸ் திரும்பிப் பார்த்தபோது வாய் திறந்திருந்தது.

குன்னில்டா அழவில்லை. கழியால் தண்ணீரை அடித்தாள். படகு ஆடுகிற அளவுக்கு அடித்தாள். "என்கிட்டச் சொல்லியிருக்கலாமே, மனுசா. நான் என்ன வேத்தாளா," என்று திட்டிக்கொண்டே அடித்தாள். ஆமிஸ் சொல்லத் தயங்கிய வார்த்தைகளும் அதில் இருந்தன. இருட்டுவதற்குள் தர்ஸ்டனும் அவளுமாகப் புதைத்தார்கள். அடக்க மந்திரம் சொல்லச் சாமியார் இல்லை. அவளுக்குத் தெரிந்த பரலோக மந்திரத்தைப் பாதியில் மறந்து, மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.

கையைத் துடைப்பதற்குள் மடத்து மணியக்காரன் வந்தான். குடியானவன் செத்தால் அவன் தொழுவத்தில் இருக்கிற முதல் தரமான மாடு மடத்துக்கு. மயிலைக் காளையை அவிழ்த்துக்கொண்டு போனான். உழவு மாடு அது ஒன்றுதான். குன்னில்டா அதற்குப் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "அவன் எப்பவும் வாரவன், இப்பவும் வந்தான். நோயிலயும் வந்தான் பாரு, அது ஒண்ணுதான் அவன்கிட்ட மெச்சணும்," என்றாள்.

மிச்சம் செவலை. பசு. வசந்தத்தில் கன்று போட்டது. கன்று தங்கவில்லை, பால் தங்கியது. அந்தப் பாலில்தான் மேபில் உயிரோடு இருந்தாள். மேபில் அவர்கள் வீட்டுப் பிள்ளை இல்லை. சதுப்பில் சேற்றுக்கட்டி வெட்டிக் காயவைத்து, அடுப்பெரிக்க விற்கிற ஒரு குடும்பம், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். அந்த வீட்டில் புகை வரவில்லை என்று ஆமிஸ் போய்ப் பார்த்தபோது, செத்த தாய்க்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தது குழந்தை. ஆமிஸ் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். மாட்டுக் கொம்பில் ஓட்டை போட்டு, நுனியில் மெல்லிய தோலைக் கட்டிப் பால் புகட்டினார்கள். எங்கள் ஊரில் அந்தக் குளிர்காலம் தாண்டிய கைக்குழந்தை அது ஒன்றுதான். புல் அறுக்கும்போது வரப்பில் போட்டிருப்போம். போகிறவர் வருகிறவர் எல்லாரும் ஒருதரம் குனிந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

இந்த நிலையில்தான் ஜெர்வேஸ் சாமி மணி அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் வைத்தார். ஆள் மெலிந்திருந்தார், அங்கியில் ஒட்டுப் போட்டிருந்தது. நம்முடைய பாவத்துக்காக ஆண்டவர் அடித்தார் என்றார். நாங்கள் கேட்டுக்கொண்டு நின்றோம். ஏன் போனேன், எங்கே இருந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லுவார் என்று பார்த்தோம். சொல்லவில்லை.

மறுநாள் குன்னில்டா வீட்டு வாசலில் தர்ஸ்டன் வந்து நின்றான். உள்ளே வரவில்லை, தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தான்.

"என்னவே, நான் கடன்காரியா? வாசல்ல நிக்கீரு."

"சாமி ஒரு சேதி சொல்லிவிட்டாரு மதினி."

"எண்ணெய் கிடைச்சுதாமா?"

"கேலி பண்ணாதீங்க. எனக்கே நாக்கு வரல. சாவுக் காணிக்கை கேக்காரு. மடத்துக்கு முதல் மாடு போச்சுல்லா, கோயிலுக்கு ரெண்டாவது மாடு."

குன்னில்டா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மொச்சை மாவும் பார்லி மாவும் கலந்தது. பிசைவதை நிறுத்தவில்லை. "எதுக்குக் காணிக்கை?"

"செத்தவரு மறந்துபோன தசமபாகத்துக்கு ஈடாம்."

"அவரு மறந்தாரா? வெள்ளிக்கிழமை தவறாம, பத்துல ஒரு விலாங்கு, அதுலயும் தடியாப் பாத்து, அவரு வாசல்ல கொண்டு போட்டாரு. சாமி ஓடிப்போன பொறகும் ரெண்டு வாரம் போட்டாரு. பூனை தின்னுச்சு."

"எனக்குத் தெரியாதா மதினி."

"தெரிஞ்சுதான வந்திருக்கீரு. குழி தோண்டும்போது என் பக்கத்துல நின்ன ஆளு. மாட்டக் கேக்கவும் நீருதானா?"

தர்ஸ்டன் தலை குனிந்தான். "நான் அவிழ்க்க மாட்டேன்னு சொல்லிட்டேன். சேதி மட்டும் சொல்லுதேன்னு வந்தேன்."

"சொல்லியாச்சுல்லா. போம்."

அடுத்த நாள் காலையில் சாமியே வந்தார். மணியக்காரனின் ஆட்கள் இரண்டு பேர் கூட வந்தார்கள். சேதி தெரிந்து நாங்கள் ஏழெட்டுப் பேர் வேலிப் பக்கம் கூடிவிட்டோம். குன்னில்டா செவலையைக் கறந்துகொண்டிருந்தாள். ஆமிஸ் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தொழுவ வாசலை மறித்து நின்றாள்.

"மகளே, வழி விடு," என்றார் சாமி.

"பிள்ளைக்கு இதுதான் பாலு, சாமி," என்றாள் ஆமிஸ்.

"ஏழைகளுக்குக் கோயில் கொடுக்கும். வந்து வாங்கிக்கலாம்."

"எங்க மாட்டப் பிடிச்சு எங்களுக்கே பிச்சை போடுவீங்களா?"

"ஆமிஸ், சும்மா இரு," என்றாள் குன்னில்டா. பால் கலயத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து வந்தாள். கையை இடுப்பில் கட்டிய துணியில் துடைத்தாள். "சாமி, ஒண்ணு கேக்கணும். கேட்டுட்டு மாட்டத் தாரேன்."

"கேளு."

"எங்க வீட்டுக்காரரு பாவசங்கீர்த்தனம் பண்ணாமச் செத்தாரு. பண்ணமாட்டேன்னு செத்தவரு இல்ல. சாமியாரத் தேடிக்கிட்டே செத்தாரு. பனித்தண்ணியில ரெண்டு பங்கு தேடுனோம். இப்ப அவரு எங்க இருக்காரு?"

அவள் அதை இதுவரை யாரிடமும் கேட்டதில்லை. மாதக்கணக்காக அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது.

"பயப்படாதே. மனசார ஆசைப்பட்டிருந்தா அது போதும். சாமியார் இல்லாத இடத்துல, ஆசையையே ஆண்டவர் ஏத்துக்கிடுவாரு. திருச்சபை அப்படித்தான் சொல்லுது," என்றார் சாமி. குரல் மென்மையாகத்தான் இருந்தது.

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"ஆசப்பட்டதே போதுமா?"

"போதும்."

"அப்ப மாடு எதுக்கு?"

சாமி மணியக்காரனின் ஆட்கள் பக்கம் திரும்பினார்.

"சாமியாரு வராமலே என் வீட்டுக்காரரு கரை சேர்ந்துட்டாருன்னு நீங்களே சொல்லுதீங்க. சந்தோசம். வராத சாமியாருக்கு எதுக்கு மாடு? நானும் மனசார ஆசப்படுதேன், சாமி, உங்களுக்கு இந்த மாட்டத் தரணும்னு. ஆசைய வச்சுக்கிடுங்க."

வேலிப் பக்கம் யாரோ "அப்படிப் போடு" என்றார்கள். சாமியின் காது சிவந்தது.

"அது வழக்கம், குன்னில்டா," என்றார்.

"அடக்கத்துக்கு வாரதும் வழக்கந்தான்."

மணியக்காரனின் ஆட்களில் ஒருவன் அவளைத் தாண்டிப் போகப் பார்த்தான். நாங்கள் வேலியைத் தாண்டிவிட்டோம். ஒரு நிமிஷம் என்ன நடந்திருக்கும் என்று சொல்ல முடியாது. குன்னில்டாதான் கையைக் காட்டி நிறுத்தினாள். மாட்டை மறித்தால் அடுத்து நிலம் போகும், வீடு போகும் என்று அவளுக்குத் தெரியும். அவளே கயிற்றை அவிழ்த்தாள். சாமி கையில் கொடுக்காமல் அந்த ஆள் கையில் கொடுத்தாள்.

"விடியக்காலம் கறக்கணும், பொழுது சாயக் கறக்கணும். கடைசிச் சொட்டு வரைக்கும் இழுக்கணும். இல்லன்னா மடி கட்டிக்கிடும். உங்க வீட்டுல கறக்கத் தெரிஞ்ச ஆளு இருக்கா?" என்று சாமியைக் கேட்டாள்.

அவர் வீட்டு வேலைக்காரி மார்கழியிலேயே செத்துப்போயிருந்தாள். அது அவருக்கும் இந்நேரம் தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஆமிஸ் ஒவ்வொரு நாளும் மேட்டின் மேல் ஊர்க்காரி ஒருத்தியிடம் பால் வாங்க நடந்தாள். அவளிடம் வெள்ளாடு இருந்தது. கோடை வெயிலில் பாதி நாள் பால் வழியிலேயே திரிந்தது. மேபிலுக்கு வயிறு கெட்டது. கஞ்சித் தெளிவில் ரொட்டியை ஊறப்போட்டுக் கொடுத்தார்கள். குழந்தையின் தொடையில் இருந்த மடிப்பு ஒவ்வொன்றாகக் காணாமல் போனது. வரப்பில் குனிந்து பார்க்கிறவர்கள் இப்போது சிரிக்காமல் நிமிர்ந்தார்கள்.

அறுவடை வந்தது. அந்த வருஷம் பார்லி நன்றாக விளைந்திருந்தது. அதுதான் எரிச்சல். விதைத்தவன் மண்ணுக்குள்ளே, விளைந்தது மண்ணுக்கு மேலே, அறுக்க ஆளில்லை. ஆற்றுக்கு அந்தப்பக்கத்துப் பண்ணைகளில் இரட்டைக் கூலி கொடுத்தார்கள், மதியத்துக்கு இறைச்சியும் போட்டார்கள். மடத்து மணியக்காரனே வீடு வீடாக வந்து, "தம்பி, தங்கச்சி" என்று பேசினான். அவன் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை எங்கள் அப்பன் காலத்திலும் கேட்டிருக்கமாட்டார்கள்.

கோயில் மானிய நிலத்தில் சாமியின் பார்லி தலை சாய்ந்து நின்றது. வழக்கமாக ஊர் கூடி ஒரு நாள் அறுத்துக் கொடுப்போம். சாமி தர்ஸ்டனை அனுப்பினார். தர்ஸ்டன் முதலில் குன்னில்டா வீட்டுக்குத்தான் போனான். வேண்டுமென்றே போனான் என்று நினைக்கிறேன்.

"சாமியோட பார்லி அறுக்கணும் மதினி. எப்ப வருவீங்கன்னு கேக்காரு."

"எண்ணெய்க்குப் போயிட்டேன்னு சொல்லும்."

தர்ஸ்டன் அடுத்த வீட்டுக்குப் போனான். "நாங்களும் எண்ணெய்க்குப் போறோம்" என்றார்கள். அதற்கடுத்த வீட்டில் அவன் வாயைத் திறக்கவே இல்லை. "எண்ணெய்க்கு" என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. ஒரு வீடுகூட மாறிச் சொல்லவில்லை.

பிறகு சாமியே கிளம்பினார். மானியத்தில் அறுக்கிறவனுக்கு நாலில் ஒரு கட்டு என்றார். மூன்றில் ஒன்று என்றார். நரகத்தைப் பற்றிச் சொன்னார். ஆள் முகத்துக்கு நேரே யாரும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. "எண்ணெய்க்குப் போகணும் சாமி, வந்ததும் வாரோம்," என்றார்கள், தொப்பியைக் கழற்றிக்கொண்டே. நாலைந்து வீட்டு வாசல் பார்த்த பிறகு அவர் நரகத்தை விட்டுவிட்டார்.

மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டு, ஒரு வாரம். நின்ற கதிரிலேயே பார்லி முளைவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் பொன்னிறத்துக்கு மேல் பச்சையாக ஒரு பூஞ்சை படர்ந்த மாதிரி. உணவு வீணாகிறதைப் பார்த்து எங்களுக்கும் வயிறு எரிந்தது. ஆனாலும் போகவில்லை.

அந்த மழையில் ஒரு நாள் பிற்பகல் சாமி செவலையைப் பிடித்துக்கொண்டு குன்னில்டா வீட்டுக்கு வந்தார். தனியாக. மாடு மூன்று காலில் நடக்கிற மாதிரி நடந்தது, பின்கால்களை அகட்டி. குன்னில்டா வாசலில் பார்த்ததும் அவரைக் கடந்து நேரே மாட்டின் அடியில் குனிந்தாள். மடி கல்லாக இருந்தது. தொட்டதும் மாடு உதைத்தது.

"ஆமிஸ், வெந்நீ. பன்னிக் கொழுப்பும் கொண்டா."

தொழுவத்தில் கட்டி, வெந்நீரில் துணி நனைத்து ஒற்றி, கொழுப்பைத் தடவிப் பிசைந்தாள். மாடு முனகியது. ஒரு காம்பில் சீழ் வந்தது, இன்னொன்றில் இரத்தம், மற்ற இரண்டிலும் ஒன்றும் வரவில்லை. வெகு நேரம் கழித்து அந்த இரண்டு காம்பில் மஞ்சளாகக் கொஞ்சம் பால் இறங்கியது. சாமி கூரை விளிம்பில் நனைந்தபடி நின்றார். பக்கத்துக் கொட்டிலில் விளார் பிளந்துகொண்டிருந்த எனக்கு எல்லாமே கேட்டது.

"எனக்குக் கறக்கத் தெரியல," என்றார்.

"தெரியுது."

"காணிக்கை வேண்டாம். மாட்ட நீயே வச்சுக்கோ."

"வச்சுக்கிடுதேன். நீங்க தந்ததா நினைச்சுக்கிட வேண்டாம்."

மழை பெய்துகொண்டே இருந்தது. சாமி போகவில்லை. பிறகு ஈரத் தரையில் முழங்கால் மடிந்து உட்கார்ந்தார். மண்டியிட்டாரா, கால் தாங்காமல் உட்கார்ந்தாரா, எனக்குத் தெரியவில்லை.

"குன்னில்டா, நான் பாவசங்கீர்த்தனம் பண்ணி ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. இந்தச் சுத்துப்பட்டுல ஒரு சாமியாரும் இல்ல. நீ ஊருக்கே கேட்டியாம். என்னையும் கேளு. நான் இங்கயிருந்து எங்க அண்ணன் வீட்டுக்குப் போனேன். அங்கயும் வந்துச்சு. அவன் என்னப் பேரு சொல்லிக் கூப்பிட்டான். நான்..."

"நிறுத்துங்க."

அவர் நிறுத்தினார்.

"சொல்லாதீங்க. சொல்லிட்டா நான் அதத் தூக்கிக்கிட்டுத் திரியணும். ஊருக்குத் தூக்குனேன். பெத்த பிள்ளைக்குத் தூக்குனேன். உங்களுக்கு மாட்டேன்."

"அப்ப நான் யார்கிட்டதான் சொல்லுவேன்?"

குன்னில்டா துணியைப் பிழிந்தாள். "எங்க வீட்டுக்காரரும் அதத்தான் கேட்டாரு," என்றாள். அவ்வளவுதான். மறுபடி மடியைப் பிசையத் தொடங்கினாள். அவர் எழுந்து போனதை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் மழை வெறித்ததும் சாமி தாமே அரிவாளோடு மானியத்தில் இறங்கினார். தாளைப் பிடிக்கத் தெரியாமல் அறுத்தார், கையை வெட்டிக்கொண்டார். இரண்டு மூன்று பேர் வழியில் நின்று பார்த்தோம். ஒருவரும் இறங்கவில்லை. இன்றைக்கு யாராவது, இறங்கியிருக்கலாமே என்று சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். முளைத்த பார்லி ரொட்டிக்கு ஆகாது. அந்தக் குளிர்காலம் அவரும் எங்களைப் போல மொச்சைக் கஞ்சிதான் குடித்தார்.

செவலை இரண்டு காம்பில் பால் தந்தது. மேபிலுக்கு அது போதுமானதாக இருந்தது. தொடையில் மடிப்பு திரும்பி வரவில்லை என்றாலும் நடக்கத் தொடங்கினாள்.

அடுத்த பாஸ்குத் திருநாளுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, முன்னால் எல்லாரும் பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும். நாங்கள் ஜெர்வேஸ் சாமியிடமே போனோம். வேறு யார் இருக்கிறார்கள். குன்னில்டா போகவில்லை. மேட்டுப் பங்குக்குப் புதிதாக ஒரு இளம் சாமியார் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, அதிகாலையில் கிளம்பித் தாழ்வைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். ஜெர்வேஸ் சாமிக்குத் தெரியும். தடுக்கவில்லை.

பொழுது சாயும்போது திரும்பி வந்தாள். பாவாடை முழங்கால் வரை சேறு. நாங்கள் சிலர் அவள் வீட்டில் கள்ளுக்காக உட்கார்ந்திருந்தோம். ஆமிஸ்தான் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னம்மா?" என்று கேட்டாள் ஆமிஸ். கேட்கக் கூடாதுதான். ஆனால் கேட்டாள்.

"கோவத்தச் சொன்னேன். ஒரு வருசமா ஒரு ஆளு மேல கோவமா இருக்கேன்னு சொன்னேன்."

"மன்னிப்புக் கிடைச்சுதா?"

குன்னில்டா செருப்பைக் கழற்றிச் சேற்றைத் தட்டினாள்.

"கோவத்த விட்டுருதேன்னு வாயால சொன்னாப் போதும், மன்னிச்சிருதேன்னாரு. நல்ல பையன். ரெண்டு தடவை கேட்டாரு. விட முடியாதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்," என்றாள். பால் கலயத்தை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போனாள்.